ஊசிக்குப் பிறகு ஒரு மிட்டாய்

தடுப்பூசி போட்டு வெளியே வந்த மூன்று வயதுப் பையன் வீறிட்டு அழுகிறான். பாட்டி சுருக்குப் பையை அவிழ்க்கிறார். "அழாதடா ராசா, இந்தா மிட்டாய்." கன்னத்தில் கண்ணீர் காயுமுன்னே வாய் சப்பத் தொடங்கிவிடுகிறது. பாசத்தில் செய்வதுதான், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விழுந்தாலும் மிட்டாய், பொம்மை உடைந்தாலும் மிட்டாய் என்று அதுவே வழக்கமானால் கதை வேறு.

மனம் கலங்கும்போது பசி அடங்குவதுதான் உடம்பின் இயல்பு. பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. ரத்தம் தசைகளுக்கு அதிகம் பாய, இரைப்பையின் வேலை மந்தமாகிறது. துக்க வீட்டில் சோறு தொண்டையில் இறங்காததும் இதனால்தான். அப்படியிருக்க, வருத்தம் வந்ததும் தின்பண்டத்தைத் தேடும் பழக்கம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

பிரிட்டன் உளவியலாளர்கள் ஜாக்கி பிளிசெட், எம்மா ஹேக்ராஃப்ட், கிளேர் ஃபாரோ மூவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள், யாருக்கும் பசியில்லை. சிலருக்குத் துண்டுகளை இணைத்துப் படத்தை முடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். அதில் ஒரு துண்டு மட்டும் இல்லை. எவ்வளவு தேடினாலும் படம் முடியாது. முகம் வாடிய பிள்ளைகளின் முன்னே பொம்மைகளும் இருந்தன, தின்பண்டங்களும் இருந்தன. வீட்டில் அழுகையை அமர்த்த அடிக்கடி உணவு தரும் அம்மாக்களின் பிள்ளைகள்தான் இந்த ஏமாற்றத்தின்போது சாக்லேட்டை அதிகம் தின்றார்கள். அதே மூவரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு, உணவைப் பரிசாகக் கொடுத்து வளர்த்த பிள்ளைகள் 5 முதல் 7 வயதில் மனம் வாடியபோது கூடுதலாகத் தின்றதைக் காட்டியது.

"எங்க பரம்பரையே அப்படி" என்று சொல்லிவிட முடியுமா? பிரிட்டனில் நான்கு வயது இரட்டையரை ஒப்பிட்டபோது, இந்தப் பழக்கத்தில் மரபணுவின் பங்கு சொற்பம், வளரும் வீட்டின் பங்குதான் பெரிது என்று தெரியவந்தது.

இதைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். நார்வேயின் ட்ரொன்ஹைம் நகரில் ஏறக்குறைய 800 பிள்ளைகளை 4 வயதிலிருந்து 10 வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். உணவால் தேற்றப்பட்ட பிள்ளை பின்னாளில் வருத்தத்தில் தின்கிறது. தின்றால் அடங்கும் பிள்ளைக்குப் பெற்றோர் மேலும் ஊட்டுகிறார்கள். சட்டென்று கலங்கும் சுபாவமுள்ள குழந்தைகள்தான் இந்தச் சுழலில் எளிதாகச் சிக்குகிறார்கள். அலுவலகம் முடிந்து களைத்து வந்தவர் கைக்கு எட்டிய பிஸ்கட்டை நீட்டுவது எனக்குப் புரிகிறது.

"கீரையைச் சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்ற பேரமும் இதே குடும்பம்தான். பரிசாகக் கொடுக்கும் தின்பண்டத்தின்மேல் குழந்தைக்கு ஆசை கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் லீயன் பர்ச் 1980லேயே காட்டினார். ஒரேயடியாக ஒளித்துவைத்தாலும் அதன்மேல்தான் கண் போகும். பூட்டிவைத்தும் பயனில்லை.

செய்யக்கூடியது எளிது, பொறுமைதான் வேண்டும். கட்டைக் கோபுரம் சரிந்து பிள்ளை அழும்போது மடியில் இருத்தி, "கோபமா வருதா கண்ணு? அவ்வளவு நேரம் கஷ்டப்பட்டுக் கட்டினியே" என்று முதுகைத் தடவலாம். முதல் சில நாட்கள் அழுகை நீளத்தான் செய்யும். முறுக்கும் கடலைமிட்டாயும் டப்பாவில் இருக்கட்டும். மாலை நாலு மணிக்கு வீட்டில் எல்லோருக்கும் எடுக்கும்போது அவனுக்கும் ஒன்று கொடுக்கலாம், அன்று அழுதிருந்தாலும் அழாதிருந்தாலும்.