காவற்கருவிகளை அளந்தறிதல்

2019 அக்டோபரில் சிலி நாட்டில் சுரங்கத் தொடர்வண்டிக் கட்டண உயர்வை ஒட்டிப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க வந்த காவற்படை, கூட்டத்தை நோக்கி இரப்பர்க் குண்டுகளைச் சுட்டது. சில மாதங்களில் கண்ணில் காயமுற்றோர் தொகை 400-ஐக் கடந்தது. தலைநகர் சான்டியாகோவின் சல்வடோர் மருத்துவமனைக் கண் மருத்துவர்கள், காயமுற்றோரிடமிருந்து அகற்றிய குண்டுகளைச் சிலிப் பல்கலைக்கழகப் பொறியியலாளரிடம் ஒப்படைத்தனர். ஆய்வின் முடிவு நாட்டை உலுக்கியது. அக்குண்டில் இரப்பர் 20 விழுக்காடே இருந்தது. எஞ்சிய 80 விழுக்காடும் சிலிக்கா, பேரியம் சல்பேட்டு, ஈயச் சேர்மம் ஆகியவை. கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் அது 96.5 காட்டியது. மகிழுந்துச் சக்கரத்தின் வெளிப்பட்டை அதே அளவுகோலில் பெரும்பாலும் 60 முதல் 70 வரையே காட்டும். நவம்பர் 19 அன்று காவற்படைத் தலைமை அக்குண்டுகளின் பயன்பாட்டை நிறுத்திவைத்தது.

இச்சோதனைக்கு அரிய கருவிகளோ நெடுங்காலமோ தேவைப்படவில்லை. குண்டுகளை வாங்கிய நாளிலேயே இதைச் செய்திருக்கலாம். 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அவையின் அடிப்படை நெறிகள், கொல்லாமல் செயலிழக்கச் செய்யும் ஆயுதங்களைக் களத்திற்கு அனுப்புமுன் கவனமாக மதிப்பிட வேண்டும் என்று கூறின. அம்மதிப்பீடு அறிவியலின் பணி. காவற்கருவியால் நேரும் உரிமை மீறலைத் தெருவில் தடுக்க முனைவது காலங்கடந்த முயற்சி. வடிவமைப்பிலும் சோதனையிலும் கொள்முதலிலும் வணிகத்திலும் அதனைத் தடுத்தாக வேண்டும்.

ஆற்றலும் பரப்பும்

பாயும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் நிறையையும் திசைவேகத்தையும் பொறுத்தது. நிறை இருமடங்கானால் ஆற்றலும் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அவ்வாற்றல் எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பது காயத்தின் ஆழத்தை முடிவு செய்கிறது. மனிதக் கண்குழியின் வாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலமுடையது. அதைச் சூழ்ந்த எலும்பு விளிம்பு, பெரிய பொருள் மோதும்போது அடியின் பெரும்பகுதியைத் தான் தாங்கி விழிக்கோளத்தைக் காக்கிறது. சிலியில் சுடப்பட்ட குண்டின் விட்டமோ 8 மில்லிமீட்டர். எலும்பு விளிம்பைத் தீண்டாமலே அது நேரே விழியைத் தாக்கும். இயற்கை அமைத்த அரண் அங்கே பயனற்றுப் போகிறது.

ஒரு தோட்டாவில் இத்தகைய குண்டுகள் 12 அடங்கும். குழலை விட்டு வெளிப்பட்டதும் அவை கூம்பாக விரிகின்றன. தொலைவு இருமடங்காகும்போது அவை பரவும் பரப்பு நான்கு மடங்காகிறது. சுடுபவர் காலையே குறிவைத்தாலும், 12இல் ஒன்று முகத்தை எட்டுவதைத் தடுக்க அவரால் இயலாது. எத்துணைப் பயிற்சி அளித்தாலும் இவ்வடிவவியல் மாறாது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரே சுடுகையில் பல குண்டுகளைச் சிதறவிடும் முறையைப் புறக்கணித்ததும், உலோகச் சிறுகுண்டுகளை ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்றதும் இதனாலேயே. காஷ்மீரில் 2010 முதல் பயன்பட்டு, 2016இல் நூற்றுக்கணக்கானோரின் கண்களைக் காயப்படுத்திய பெல்லட் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்ததே.

ஒற்றைக் குண்டும் தீங்கற்றதன்று. வட அயர்லாந்தில் பிரித்தானியப் படை 1970இல் இரப்பர்க் குண்டையும் 1973இல் நெகிழிக் குண்டையும் புகுத்தியது. அவ்விரண்டாலும் இறந்தோர் 17 பேர். அவர்களுள் 8 பேர் சிறார். 2005இல் அங்கே முனையில் உட்குழிவுடைய புதிய குண்டு வந்தது. மோதும்போது அதன் முனை நசுங்குவதால் மோதல் நேரம் நீள்கிறது. உந்தம் மெல்லத் தணிவதால் உச்ச விசை குறைகிறது. வடிவமைப்பால் தீங்கைக் குறைக்க இயலும் என்பதற்கு இது சான்று. பள்ளி மாணவரும் அறிந்த அவ்விதி ஒரு குண்டின் முனையில் இடம்பெற 35 ஆண்டுகள் ஆயின என்பது நம்மை வருத்த வேண்டும்.

1990 முதல் வெளிவந்த மருத்துவக் கட்டுரைகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வெளியாயிற்று. இத்தகைய குண்டுகளால் காயமுற்ற 1,984 பேரின் விவரங்கள் அதில் உள்ளன. அவர்களுள் 53 பேர் இறந்தனர். 300 பேர் நிலையான ஊனமுற்றனர். இறப்புகளில் ஏறத்தாழப் பாதி, தலையிலும் கழுத்திலும் பட்ட அடியால் நேர்ந்தவை.

புகையின் செறிவு

கண்ணீர்ப்புகை என நாம் வழங்கும் சி.எஸ். என்பது அறை வெப்பநிலையில் திண்மப் பொருள். 1928இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் கார்சன், ஸ்டாட்டன் ஆகிய இருவர் அதனை உருவாக்கினர். நுண்துகள்களாகக் காற்றில் பரவும் அது, கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள உணர்நரம்புகளின் அயனி வாயில்களைத் திறந்து எரிவலியை எழுப்புகிறது. அதன் கேடு இரண்டு அளவுகளின் பெருக்கற்பலனைப் பொறுத்தது: காற்றில் அதன் செறிவு, மனிதர் அக்காற்றில் இருக்கும் நேரம். திறந்த வெளியில் காற்று செறிவைக் குறைக்கிறது. ஓடித் தப்புவதால் நேரம் குறைகிறது. மூடிய இடத்தில் இவ்விரண்டும் நிகழா. 2013 ஆகஸ்டு 18 அன்று எகிப்தின் அபு சாபல் சிறைக்கு வெளியே, கைதிகள் நெருக்கி அடைக்கப்பட்ட வண்டிக்குள் கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டது. 37 பேர் மாண்டனர்.

புகைக்குண்டின் உறையும் கொல்லும். 2019இல் பாக்தாதில் இளைஞர் பலரின் மண்டையோட்டைத் துளைத்த குண்டுகளை ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஆராய்ந்தது. காவல்துறைகள் வழக்கமாகப் பயன்படுத்தும் புகைக்குண்டின் நிறை 25 முதல் 50 கிராம். அங்கே சுடப்பட்டவை 220 முதல் 250 கிராம் நிறையுள்ள படைத்துறைக் குண்டுகள். அதே வேகத்தில் பாய்ந்தாலும் அவை பன்மடங்கு ஆற்றலோடு மோதும். கொள்முதல் ஆணையில் நிறைக்கு உச்சவரம்பு விதிக்கும் ஒரு வரி இருந்தால், இத்தகைய குண்டு காவலர் கைக்கே வாராது.

1993ஆம் ஆண்டின் வேதியியல் ஆயுத உடன்படிக்கை, இப்பொருளைப் போர்முறையாகப் பயன்படுத்தலாகாது எனத் தடுக்கிறது. உள்நாட்டுக் கலக அடக்கத்திற்கு இடமளிக்கிறது. போர்வீரனுக்குக் கிடைத்த காப்பு குடிமகனுக்கு இல்லாத இடத்தில், அளவும் இடமும் வகுக்கும் உள்நாட்டு விதியே அவனுக்கு எஞ்சிய காப்பு.

வலிக்கென்றே செய்தவை

சில கருவிகளைச் சோதித்துத் திருத்துவதற்கு எதுவுமில்லை. தொலைவிலிருந்து இரு கம்பி முட்களை எய்யும் மின்னதிர்ச்சிக் கருவியில், முட்கள் விலகித் தைத்தால் மின்னோட்டம் பல தசைகளின் ஊடே பாய்ந்து அவற்றை இறுகச் செய்கிறது. தாக்க வருபவர் சற்று நேரம் செயலிழக்கிறார். உடலில் நேரே வைத்து அழுத்தும் மின்தடியில் மின்வாய்கள் மிக நெருங்கி இருக்கின்றன. மின்னோட்டம் தோலருகே சிறு பகுதியில் மட்டும் பாய்வதால் தசைகள் செயலிழப்பதில்லை; வலி மட்டுமே மிஞ்சுகிறது. பெரும்பாலும் அது நெடுநாள் நிற்கும் தழும்பையும் விடுவதில்லை. சித்திரவதை செய்வோர் இதை நாடுவதன் காரணம் இந்த இயற்பியலில் அடங்கியுள்ளது. முள் பதித்த தடி, கட்டைவிரல் விலங்கு, எடை கோத்த கால்விலங்கு, தொலைவிலிருந்து இயக்கும் மின்னதிர்ச்சி அரைக்கச்சை ஆகியவையும் இக்கூட்டத்தில் அடங்கும். எளிய கருவி செய்ய இயலாத நற்பணி எதையும் இவை செய்வதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இயற்றிய ஒழுங்குவிதி இவ்வகைப் பொருள்கள் பலவற்றின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் தடை செய்தது. இருவழியும் பயன்படத்தக்கவற்றுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. 2016இல் வந்த திருத்தம், தடைப்பட்ட பொருள்களை வணிகக் கண்காட்சிகளில் வைப்பதையும் தடுத்தது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம், அர்ஜென்டினா, மங்கோலியா ஆகியவை சித்திரவதையற்ற வணிகத்துக்கான கூட்டமைப்பைத் தொடங்கின. 2019இல் ஐ.நா. பொதுப்பேரவை அதையொட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் அலைஸ் ஜில் எட்வர்ட்ஸ், தடை செய்யவேண்டியவற்றையும் கட்டுப்படுத்தவேண்டியவற்றையும் தனித்தனியே பட்டியலிட்டு 2023இல் பேரவை முன் வைத்தார். உலகு தழுவிய உடன்படிக்கையாக இம்முயற்சி முதிர வேண்டும். ஒரு கண்டத்தில் மூடிய தொழிற்சாலை மறு கண்டத்தில் திறக்குமாயின், தடையால் இடம் மட்டுமே மாறும்.

தடம் விடும் கருவி

பொறுப்புணர்வையும் கருவிக்குள் வடிவமைக்கலாம். தொலைவிலிருந்து எய்யும் மின்னதிர்ச்சிக் கருவியின் பொதியுறை ஒன்றில் சிறு காகித வட்டங்கள் இருபதுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அவ்வுறையின் வரிசை எண் அச்சிடப்பட்டிருந்தது. எய்த கணமே அவை தரையில் சிதறும். யார் கையிலிருந்த உறை அது என்பதை எவரும் குனிந்து எடுத்துக் கண்டறியலாம். கருவியின் நினைவகமும் விசையை இழுத்த நேரத்தையும் நீட்டித்த கால அளவையும் பதிகிறது. புகைக்குண்டுக்கும் இரப்பர்க் குண்டுக்கும் அழியா வரிசை எண் பொறிப்பது இதைவிட எளிது.

கருவி மட்டும் போதாது என்பதையும் அறிவியலே சொல்கிறது. கலிபோர்னியாவின் ரியால்ட்டோ நகரில் 2012இல் தொடங்கிய ஆய்வில், காவலர் உடலில் ஒளிப்பதிவுக் கருவி அணிந்தபின் வன்முறைப் பயன்பாடு பெருமளவு குறைந்தது. 2,000-க்கும் மேற்பட்ட காவலரை உட்படுத்தி 2017இல் வெளியான வாஷிங்டன் ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை. பதிவைப் பார்ப்பவரும் பார்த்தபின் நடவடிக்கை எடுப்பவரும் இருக்கும் இடத்திலேயே பதிவுக்குப் பொருளுண்டு.

இந்தியா சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையொப்பமிட்டது. இன்றுவரை அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. ஒப்புதல் அளித்து அதற்கேற்ற சட்டம் இயற்றுவது முதற்கடமை. அச்சட்டத்தின்கீழ், எந்தக் காவற்கருவியும் காவல்துறையைச் சாராத ஆய்வுக்கூடத்தின் சான்றின்றி வாங்கப்படலாகாது. நிறை, வேகம், கடினம், சிதறும் பரப்பு ஆகிய அளவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். இக்கருவிகளால் நேரும் ஒவ்வொரு காயத்தையும் மருத்துவமனைகள் ஒரு பொதுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒரு வகைக் குண்டால் கண்கள் போகின்றன எனப் பதிவேடு காட்டினால், அவ்வகை அன்றே திரும்பப் பெறப்பட வேண்டும். இவை எவையும் காவலரின் கையைக் கட்டா. கூட்டத்தில் எதிர்நிற்பவரின் உயிரும் உறுப்பும், அவர் குற்றம் செய்தவரேயாயினும், அரசின் காப்புக்கு உரியவை. அக்காப்பைச் சோதனைச்சாலையிலேயே உறுதிசெய்யும் அறிவு நம்மிடம் இருக்கும்போது, செய்யாமல் விடும் ஒவ்வொரு சோதனைக்கும் அரசு பொறுப்பேற்றாக வேண்டும்.