கூட்டாக வீடு வாங்குமுன்...



வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கம் போகாதவர்களுக்கும் சொந்த வீட்டிற்கு ஒரு வழி உண்டு. வசதியுள்ள மச்சானோ மாமாவோ கூட்டுச் சேர்ந்தால், இரண்டு மூன்று குடித்தனங்கள் உள்ள வீட்டை வாங்கி, ஒன்றில் குடியிருந்து மற்றவற்றை வாடகைக்கு விடலாம்.

மூன்று குடித்தன வீட்டின் விலை 40 இலட்சம் என்று கொள்ளுங்கள். மச்சான் 30 இலட்சம், முதன்முறையாக வீடு வாங்கும் நீங்கள் 10 இலட்சம். பகுதிக்கு 8,000 வீதம் மாத வாடகை 24,000. உங்கள் கால் பங்கு 6,000. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கும் வாடகை உண்டல்லவா? எனவே, மாதம் 2,000 ரூபாய் நீங்கள் மச்சானுக்குக் கொடுக்க வேண்டும். சொந்த வீட்டிலும் வாடகையா என்று இல்லத்தார் கேட்பர். முக்கால் பங்கு அவருடையது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழுதுச் செலவும், குடி வராத மாதத்தின் நட்டமும் இதே விகிதத்தில்தான். 'மாதம் இவ்வளவு நிச்சயம்' என்று அவருடைய முதலுக்கு உறுதியளித்தாலோ, விட்டு ஓடிய வட்டி கொல்லைப்புறமாக நுழைந்துவிடும்.

கிரயப் பத்திரத்தில் பங்கின் அளவைக் கட்டாயம் எழுதுங்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி, போட்ட பணத்தின் விகிதமே பங்கு. அதற்குச் சான்று இல்லையேல் சரிபாதி எனக் கொள்ளப்படும். ரொக்கமாகக் கொடுத்த மச்சான் 10 இலட்சத்தை இழக்க நேரிடும்!

கூட்டாளி தம் பங்கை அந்நியருக்கு விற்க முனைந்தால் மற்றவருக்கு முதலுரிமை அளிப்பது ஷரீஅத்தின் 'ஷுஃப்ஆ'. ஆனால், சென்னை உயர்நீதிமன்றம் 1870லேயே அதனைச் சட்ட உரிமையாக ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே, உடன்படிக்கையில் தனியே எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

மச்சான் மவுத்தாகிவிட்டால் அவருடைய பங்கு மனைவி, மக்கள், பெற்றோர் எனப் பிரியும். பாகப்பிரிவினை வழக்கில், பிரிக்க வசதிப்படாத வீட்டை விற்குமாறு பாதியோ அதற்கு மேலோ பங்குடையோர் கோரினால், 1893ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. மதிப்பீட்டு விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளவும் அதில் வழியுண்டு. கையில் பணம் வேண்டுமே!

ஆதலால் மச்சானின் பங்கைச் சிறுகச் சிறுக வாங்கி வருவது நன்று. வெள்ளைத்தாள் ரசீதால் பங்கு மாறிவிடாது. ஒவ்வொரு கிரயமும் பதிவாக வேண்டும், முத்திரைத் தீர்வையும் உண்டு. வாங்கும் விலை எவ்வாறு முடிவாகும் என்பதை ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டு எழுதிய பின்னரே முன்பணம் கொடுங்கள்.