கொள்ளைநோயை எதிர்கொண்ட ஆதித் திருச்சபை

கி.பி. 249 வாக்கில் ரோமப் பேரரசில் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் பல ஆண்டுகள் தணிந்தும் எழுந்தும் மக்களை வாட்டியது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் அதன் அறிகுறிகளை விரிவாக எழுதிவைத்ததால், அது ‘சிப்ரியான் கொள்ளைநோய்’ என்று பெயர் பெற்றது. ஓயாத வயிற்றுப்போக்கு, வாந்தி, கண்களில் எரிச்சல், கைகால் அழுகல், பார்வையிழப்பு ஆகியவை அவர் தரும் விவரங்கள். அது எந்த நோய் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

கிறிஸ்தவர்கள் அப்போது சிறுபான்மையினர். 250இல் பேரரசர் டேசியஸ், அனைவரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். மறுத்த கிறிஸ்தவர்கள் பலர் சிறைப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். அவர்கள் தெய்வங்களை வணங்காததே நோய்க்குக் காரணம் என்ற பழியும் எழுந்தது. சிப்ரியான் தனி நூல் எழுதி அதை மறுத்தார்.

துன்புறுத்திய ஊராருக்கும் சபை உதவியது. சிப்ரியானின் வாழ்க்கையை எழுதிய திருத்தொண்டர் பொந்தியுஸ், ஆயர் மக்களைக் கூட்டிப் பணிகளைப் பகிர்ந்தளித்ததைக் குறிப்பிடுகிறார். வசதியுள்ளோர் பொருள் தந்தனர். ஏழைகள் உழைப்பைத் தந்தனர். பிற சமயத்தவருக்கும் உதவி கிடைத்தது.

அலெக்சாந்திரியா ஆயர் டயோனீசியஸின் கடிதம் ஒன்றை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாதுகாத்திருக்கிறார். குருக்களும் திருத்தொண்டர்களும் பொதுநிலையினரும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, இறந்தோரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்து, அதே நோயால் தாங்களும் இறந்ததை அது சொல்கிறது. அவர்களை மறைசாட்சிகளுக்கு இணையாக டயோனீசியஸ் போற்றினார். மற்றவர்கள் நோயாளிகளைத் தெருவில் தள்ளிவிட்டு ஓடினர் என்றும் எழுதினார். இது ஒரு தரப்பின் சாட்சியம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கிறிஸ்தவர்களின் இந்தத் துணிவுக்கு அடிப்படை நம்பிக்கையே. நோயாளிக்குச் செய்வது இயேசுவுக்கே செய்வது என்பது நற்செய்திப் போதனை. மரணம் நித்திய வாழ்வின் வாசல் என்று சிப்ரியான் கற்பித்தார். நோயைத் தீர்க்கும் மருந்து கிறிஸ்தவர்களிடம் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியாதவருக்கு உணவும் தண்ணீரும் கொடுத்தாலே பலர் பிழைத்திருக்கக்கூடும் என்கிறார் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க். கிறிஸ்தவம் வளர்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாக அவர் 1996இல் முன்வைத்தார். அக்கருத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

நெருக்கடியில் பழகிய பணி பின்னர் நிறுவனமாக வேரூன்றியது. கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு பிறருடைய ஏழைகளையும் பராமரிப்பதை, அவர்களை எதிர்த்த பேரரசர் ஜூலியனே 362இல் ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகளில், இன்றைய துருக்கியிலுள்ள செசாரியாவில் ஆயர் பசிலியார் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் இல்லம் அமைத்தார். வரலாற்றின் தொடக்ககால மருத்துவமனைகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.