காலையில் இறங்கும் டிரம்: கசிவா, குளிரா?

சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் விவசாயிகள் பலரிடம் கேட்கும் புகார் இது: "மதியம் உயர்ந்து நின்ற டிரம், விடிந்து பார்த்தால் நாலு விரல் இறங்கிக் கிடக்கிறது. ராத்திரி அடுப்பே பற்றவைக்கவில்லை." உடனே ஓட்டை என்று முடிவுகட்டி, டிரம்மைக் கழற்றி வெல்டிங் பட்டறைக்கு ஏற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். வண்டி வாடகை போனதுதான் மிச்சம். மறுவாரமும் அதே இறக்கம்.

வாயுவின் மூலக்கூறுகள் எப்போதும் நாலாபுறமும் ஓடி மோதிக்கொண்டே இருப்பவை. வெயிலில் இரும்பு டிரம் சுட்டதும் அவை வேகம் பிடித்து உட்புறத்தைப் பலமாக முட்டுகின்றன. மிதக்கும் டிரம் என்பதால் எழும்பி இடம் கொடுக்கிறது. இரவில் குளிர்ந்ததும் வேகம் தணிய, டிரம் தன் எடையால் இறங்குகிறது. வாயு எங்கும் போய்விடவில்லை. குறைந்த இடத்தில் அடங்கியிருக்கிறது.

3 டிகிரி செல்சியஸ் கூடினால் வாயுவின் கனஅளவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். 25 டிகிரி 40 ஆனால் 5 சதவீதம். வாயு 80 செ.மீ. உயரம் நிற்கும் டிரம்மில் இதுவே 4 செ.மீ. கரைசலிலிருந்து எழும் நீராவியும் சேர்வதால் ஏற்றம் இன்னும் கூடுதலாகத் தெரியும். மண்ணுக்குள் கட்டும் தீனபந்து கலனில் இந்த ஆட்டம் குறைவு.

எனவே டிரம்மின் உயரத்தைத் தினமும் காலை 6 மணிக்கே குறித்து வையுங்கள். மதிய அளவையும் காலை அளவையும் ஒப்பிட வேண்டாம். சந்தேகம் தீரவில்லையா? டிரம் பாதி இறங்கியிருக்கும் நாளில் வால்வை மூடி, வழக்கம்போல் சாணம் கரைத்து ஊற்றி, ஒருநாள் சமையலை வேறு அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் 6 மணிக்கு டிரம் உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லை என்றால் வெல்டிங் இணைப்புகளிலும் வால்விலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கசிவிருந்தால் குமிழி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

இரவுக் குளிரில் நீராவி, குழாய்க்குள் தண்ணீராக மாறித் தேங்கும். காலையில் அடுப்பு விட்டுவிட்டு எரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். குழாயின் தாழ்வான இடத்தில் வடிகுழாய் வைத்து, தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றுங்கள்.

மார்கழி, தையில் வரும் குறைவு மட்டும் வேறு. அப்போது கரைசலே குளிர்ந்து நுண்ணுயிர்கள் மந்தமாவதால் உற்பத்தியே குறைகிறது. அந்த மாதங்களில் வெயிலில் வைத்த தண்ணீரில் சாணத்தைக் கரைத்து, மதியத்தில் ஊற்றுங்கள்.