மழை பெய்தும் கதிர் நிறையாத போகம்

தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் என்று திருகோணமலை மாவட்டத்தில் வயல் உள்ள ஊர்களிலெல்லாம் பெரும்போகத்தின் கணக்கு மழையோடு தொடங்கும். 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் பெரும்பகுதியில் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் விளைச்சல் சரிந்தது. அதற்கு முந்தைய மே மாதம் அரசு இரசாயனப் பசளைகளையும் பூச்சிகொல்லி, களைகொல்லிகளையும் இறக்குமதி செய்யத் தடை விதித்திருந்தது. நவம்பரில் தடை தளர்ந்தபோது விதைப்புக் காலம் வந்துவிட்டது, பசளை வந்து சேரவில்லை. 2022இல் இரு போகங்களிலும் சேர்த்து நாட்டின் நெல் உற்பத்தி ஏறத்தாழ 30 இலட்சம் தொன். முந்தைய ஆண்டைவிட 42 வீதம் குறைவு என்று உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன.

தண்ணீர் இருந்தும் நெல் ஏன் விளையவில்லை? அரிசி போடாத உலையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சோறு ஆகாது. பயிருக்குத் தேவையானவற்றில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுவே விளைச்சலின் எல்லையைத் தீர்மானிக்கிறது. அந்தப் போகத்தில் குறைந்தது நைதரசன்.

வியப்பு இதில்தான் இருக்கிறது. வயலுக்கு மேலுள்ள காற்றில் 78 வீதம் நைதரசனே. ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைக்க நெற்பயிரால் முடியாது. சில பக்டீரியாக்களும் மின்னலும் உடைக்கின்றன. 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் திறக்கப்பட்ட தொழிற்சாலையிலிருந்து மனிதரும் பேரளவில் உடைக்கத் தொடங்கினர். இன்றைய யூரியா அந்த வழியில் வந்தது.

விதைத்த சில வாரங்களில் பயிர் மட்டம் வெடித்துத் தூர் கட்டும். நைதரசன் போதாவிட்டால் மட்டங்கள் குறையும். பழைய இலையிலிருப்பதை எடுத்துப் பயிர் புது இலைக்குக் கொடுப்பதால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். பிறகு, வெளியே எதுவும் தெரியாதபோதே, தண்டுக்குள் கதிர் உருவாகிறது. ஒரு கதிரில் எத்தனை மணி என்பது பூப்பதற்கு முந்தைய ஏறத்தாழ ஒரு மாதத்தில் பெரும்பாலும் முடிவாகிவிடும். அந்த நாட்களில் பட்டினி கிடந்த பயிருக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகப் பசளை போட்டாலும் உருவாகாத மணி உருவாகாது.

இரசாயனப் பசளைக்குப் பதிலாகச் சேதனப் பசளை போதாதா? சேதனப் பசளை நல்லதுதான். மண்ணை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஒரு வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவைப் பெற 2,300 கிலோ வேண்டும். அதிலும் நுண்ணுயிர்கள் சிதைத்து விடுவிக்கும் பங்கு மட்டுமே அந்தப் போகத்துப் பயிருக்குக் கிடைக்கும். போதாக்குறைக்கு, பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் தந்த குட்டை நெல்லினங்கள் நிறையப் பசளை உண்டு, சாயாமல் நின்று, நிறைய விளையவே உருவாக்கப்பட்டவை.

பசளையை அளவுக்கு மீறிக் கொட்டியதும் தவறுதான். அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே போகத்தில் நாடு முழுவதும் செய்து பார்க்கும் பரிசோதனை அல்ல அது. மண்ணைப் பரிசோதித்து, வயலின் ஒரு மூலையில் செய்து பார்த்து, பல ஆண்டுகளில் மாற வேண்டும். அடுத்த முறை இப்படியொரு முடிவு எடுப்போர் அடியிலை மஞ்சளாவதை முதலில் காணும் கமக்காரரைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.