கழுவினால் போவதும் போகாததும்

போடியில் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு டின் திறந்தவுடன் வாசனையே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடும். ஆனால் மூக்கை நம்பி நாம் ஒருமுறை ஏமாந்தோம். அதை வணிக நண்பர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

2012-ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலம். குரங்கணியில் நண்பர் ஒருவருடைய ஏலக்காய் ஸ்டோரில் பல மணி நேரம் ஜெனரேட்டர் ஓட வேண்டியிருந்தது. பொரித்த எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று இரண்டு பேரல் வாங்கிக் கொடுத்தோம். பார்வைக்குத் தேன் நிறம். ஒரே வாரத்தில் ஃபில்டர் அடைத்தது, பம்பும் பழுதானது. லாபம் மெக்கானிக்கிடம் போயிற்று. நண்பரிடம் நம் பேச்சும் கெட்டது.

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் கிளிசரின் அடியில் பிரியும், மேலே பயோடீசல் நிற்கும். அதில் சோப்பும், மிஞ்சிய காரமும், மெத்தனாலும் கலந்திருக்கும். இவற்றை நீர் விட்டுக் கழுவியாக வேண்டும். நமக்கு வந்தது கழுவாத சரக்கு.

சோதனை எளிது. பாட்டிலில் பாதி பயோடீசலும் பாதி நீரும் விட்டு நன்றாகக் குலுக்கி அரை மணி நேரம் வைக்கவும். இரண்டும் தெளிவாகப் பிரிந்தால் நல்லது. மோர் போல் நின்றால் சோப்பு இருக்கிறது. லிட்மஸ் தாளை எண்ணெயில் நனைத்துப் பயனில்லை. கழுவிய நீரில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் தூள் சிட்டிகை போட்டாலும் போதும், சிவந்தால் காரம் மிச்சம். முதல் கழுவலில் வேகமாகக் கலக்கக் கூடாது, மெல்ல நீரைத் தெளிக்க வேண்டும். நீர் தெளிவாக வரும்வரை கழுவி, பின் ஈரம் போக உலர்த்த வேண்டும். அந்த நீரை ஓடையில் விடலாகாது.

ஆனால் புளிப்பு, அதாவது அமிலம், நீரில் கழுவினால் போகாது. பயோடீசலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15607-இன்படி, ஒரு கிராமுக்கு அமில மதிப்பு 0.50 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அதைப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல முடியும். அமிலம் பிறப்பதோ நம் வாணலியில்! பலமுறை காய்ச்சுவதாலும், பஜ்ஜித் துகளும் தண்ணீரும் சேர்வதாலும் எண்ணெய் புளிக்கிறது.

எனவே நம் பங்கு இதுதான். எண்ணெயை வடிகட்டி, மூடிய டின்னில் உலர்வாக வைக்கவும். மொத்தப் போலார் பொருள் 25 சதவீதம் தாண்டிய எண்ணெய் சமையலுக்கு ஆகாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்றவரிடமே பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும்.

வீட்டிலேயே பயோடீசல் காய்ச்சும் ஆசை வேண்டாம். மெத்தனாலுக்கு உரிமம் வேண்டும், அது விஷமும் ஆகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது அது கலந்த சாராயமே.

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. எண்ணெய் எஞ்சினுக்குப் பகையன்று, அசுத்தமே பகை. வாங்கும்முன் ஒரு பாட்டில் குலுக்கிப் பாருங்கள்.