நிரல் எந்தக் கோப்புறையில் நின்று ஓடுகிறது?

வினாத்தாள்களை வேர்டில் தயாரித்து, எல்லாவற்றையும் ஒரே அடியாகப் பி.டி.எஃப். ஆக்கச் சின்னதாய் ஒரு பைத்தான் நிரல் வைத்திருக்கிறீர்களா? அது தானே மாற்றுவதில்லை. லிபர் ஆபிஸைக் கூப்பிட்டு மாற்றச் சொல்கிறது. பிழைச்செய்தி வரவில்லை, ஆனால் கோப்புறையில் பி.டி.எஃப். இல்லை. எங்கே போச்சு?

அந்த நேரத்தில் நிரலின் நடப்புக் கோப்புறை எதுவோ, அங்கே போயிருக்கும். வெளியீட்டு இடத்தை ‘அவுட்டிர்’ என்ற தெரிவில் சொல்லாவிட்டால், லிபர் ஆபிஸ் தான் நிற்கும் இடத்திலேயே போட்டுவிடும். மூலக்கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காது. படிவம் 4, படிவம் 5 இரண்டிலும் ‘தாள்1’ என்று பெயர் வைத்திருந்தால் இன்னும் மோசம். பின்னால் வந்தது முன்னதன் மேல் எழுதப்படும், கேட்கவும் கேட்காது. அச்சடிக்கும்போதுதான் தெரியும்.

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இது எளிதில் புரியும். மரம் சீவுகிறவரிடம் ‘மூணாவது நிரையில தொடங்கு’ என்றால், அவர் எந்தக் காட்டில் நிற்கிறாரோ அந்தக் காட்டின் மூன்றாவது நிரைதான். இது சார்புப் பாதை. தோட்டம், டிவிஷன், காடு, நிரை என்று முழுக்கச் சொன்னால் ஈப்போவில் நின்று சொன்னாலும் இடம் மாறாது. அது முழுப்பாதை.

மாணவர்கள் பலர் நினைப்பதுபோல், நிரல் சேமிக்கப்பட்ட கோப்புறையே நடப்புக் கோப்புறை என்று கிடையாது. இரட்டைச் சொடுக்கில் சரியாக ஓடும் நிரல் வி.எஸ். கோடில் தடுமாறுவது இதனால்தான். அங்கே பெரும்பாலும் நீங்கள் திறந்து வைத்த கோப்புறையில் நின்றுதான் ஓடும். விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தைக் காலியாக விட்டால், சிஸ்டம்32-இல் போய் நிற்கும்!

நிரல் ஒரு வெளி நிரலை ஓட்டினால், பிள்ளை தாயின் நடப்புக் கோப்புறையை அப்படியே வாங்கிக்கொள்ளும். பிறகு பிள்ளை எங்கே போனாலும் தாய் நகராது. அதனால் ‘சிடி’ கட்டளையைத் தனி நிரலாக ஓட்டிவிட்டு, அடுத்த கட்டளை புது இடத்தில் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். பிடிபி-7 இயந்திரத்தில், ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பிள்ளை பிறக்கும் முறை வந்ததும், கோப்புறை மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை. பிள்ளை இடம் மாறியது, வேலை முடிந்து மறைந்தது. ஷெல் மட்டும் பழைய இடத்திலேயே. பின்னர் அந்தக் கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே வைத்தார்கள் என்று டென்னிஸ் ரிச்சி எழுதியிருக்கிறார்.

பைத்தானில் வழி நேரானது. ‘சப்பிராசஸ்.ரன்’ அழைப்பில் ‘சி.டபிள்யூ.டி.’ என்ற அளபுருவுக்குக் கோப்புறையின் முழுப்பாதையைக் கொடுங்கள். பிள்ளை மட்டும் அங்கே போய் ஓடும், உங்கள் நிரல் அசையாது. ‘ஓஎஸ்.சிஎச்டிர்’ போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் அது நிரல் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். இழைகள் பல ஓடினால் எல்லாமே இடம் மாறிவிடும். நான் அதைத் தவிர்க்கவே சொல்வேன்.

ஒரு நுணுக்கம். ‘சி.டபிள்யூ.டி.’ கொடுத்தபின், நீங்கள் அனுப்பும் சார்புப் பாதைகளைப் பிள்ளை புது இடத்திலிருந்துதான் தேடும். லினக்ஸில் ஓட்டப்போகும் நிரலின் பாதையே சார்புப் பாதையாக இருந்தால் அதையும் அங்கிருந்துதான் தேடும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் முழுப்பாதை ஆக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட ‘ஃபைல்’ மாறியிலிருந்து தொடங்கினால், பென்டிரைவில் வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் ஓடும்.

ஷெல்லில் எழுதுபவர்களுக்கு: ‘சிடி’ தோற்றால் அடுத்த வரி பழைய இடத்திலேயே ஓடும். அடுத்த வரி ‘எல்லாவற்றையும் அழி’ என்றிருந்தால்? கோப்புறைப் பெயரில் ஓர் எழுத்துப்பிழை போதும், ஓராண்டுப் பாடக்குறிப்பு போய்விடும். ‘சிடி’க்குப் பின்னால் இரண்டு நேர்கோடும் ‘எக்ஸிட்’டும் சேர்த்தால், தோற்ற இடத்திலேயே நிரல் நின்றுவிடும்.